கார் ஓடியது எத்தனாலில், எரிந்தது என் வயிறு

போன சனிக்கிழமை மதியம். எங்கள் மைசூர் அபார்ட்மென்ட் லிஃப்டில் நானும் என் மனைவி வாணியும் ஏறினோம். உள்ளே மூன்றாவது மாடி அம்மாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். வாணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் — நீயெல்லாம் ஒரு புருஷனா என்கிற மாதிரி.

"என்ன வாணி... ஏதாவது பார்ட்டியா?"

"இல்லீங்க ஆன்ட்டி. கார்ல ஃப்யூவல் ட்யூப் மாத்திட்டு வர்றனுங்க. எத்தனால் சுடிதார்ல கொட்டிருச்சு."

எத்தனால் என்றால் கார் குடிக்கிற சாராயம். அம்மாளுக்கு அது புரியவில்லை. "ஹௌதா?" — அப்படியா — என்று கன்னடத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கிப் போனார். இந்நேரம் எங்கள் பிளாக் முழுக்க வாணி குடிக்கிற பெண் ஆகியிருப்பாள்.

கட்டினவனுக்குக் கோபம் வர வேண்டாமா? வரவில்லை. உள்ளுக்குள்ளே கொஞ்சம் குளுகுளுவென்று கூட இருந்தது. அவளைப் பற்றி ஒருவராவது தப்பாக நினைக்கிறார்களே என்று!

ஏன் இந்தக் கேவலமான சந்தோஷம்? சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய டர்போ கார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குண்டலுபேட்டை ரோட்டில் ஒரு தனியார் ட்ராக் உண்டு. அங்கே அவ்வப்போது கால் மைல் ஓட்டம் நடத்துவார்கள். பச்சை விளக்கு விழுந்தால் மிதிக்க வேண்டும், கோடு வந்தால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் போட்டி. வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு, அந்தச் சில நொடிகள்தான் வீரம். வாணி ஃப்ளாஸ்க்கில் காபியோடு வந்து ஓரமாக நின்று பார்ப்பாள்.

அவள் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. அப்பா வீட்டில் ட்ராக்டர் சத்தத்தில் வளர்ந்தவள். இங்கே ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினீயர். அவள் வேலையே ஃப்யூவல் பம்ப்தான். இருந்தாலும் கார் என்னுடையது, ரேஸ் என்னுடையது, காபி அவளுடையது என்றுதான் எங்கள் வீட்டில் ஏற்பாடு. யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை... எனக்கு வசதியான ஏற்பாடு.

தீபாவளி முடிந்து ஒருநாள் கேட்டாள். "ஏனுங்க, இந்த வண்டியை எத்தனாலுக்கு மாத்திப் பார்க்கலாமா?"

"மாத்தறதுன்னா? டேங்க்ல ஊத்தினா ஓடாதா?"

சிரித்தாள். குழந்தையிடம் சிரிப்பதுபோல. "பெட்ரோலைவிட இது நிறையக் குடிக்குமுங்க. இப்ப இருக்கிற பம்ப்பும் இன்ஜெக்டரும் பத்தாது, பெருசா போடணும். ரப்பர் ட்யூபெல்லாம் ஊறிப் போயிரும், எத்தனால் தாங்குற ட்யூபா மாத்தணும். கம்ப்யூட்டர் செட்டிங்கும் புதுசா எழுதணும். ஆனா இன்ஜின் டொக்குடொக்குன்னு நாக் அடிக்காது. டர்போவை இன்னும் ஏத்தலாம். வண்டி பறக்குமுங்க."

பறக்கும் என்ற சொல்லில் விழுந்தேன். பறக்கப்போவது நான்தானே என்ற நினைப்பு!

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிங்கில் அவள் காருக்கு அடியில், நான் காருக்கு வெளியில். ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். பாதி நேரம் தப்பானதைக் கொடுப்பேன். அவள் அடியில் படுத்தபடி தனக்குள் ஏதோ முனகிக்கொண்டு வேலை பார்ப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குஷியை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. என்னோடு சினிமாவுக்கு வந்தபோதுகூட!

போன சனிக்கிழமை அந்தக் கடைசி ட்யூபும் மாட்டி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். "இந்தத் தடவை நானும் ஒரு ரன் ஓட்டறனுங்க."

"தாராளமா" என்றேன். வாய் சொன்னது.

மறுநாள், ஞாயிறு காலை. ட்ராக்கில் நல்ல பனி. எங்கள் முறை வந்தபோது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. எத்தனாலுக்குக் குளிர் ஆகாது. பக்கத்து டீம்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "கரும்பு ஜூஸ் ஊத்திட்டீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

வாணி சிரிக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்து, ஸ்டார்ட் ஆகும்போது போகிற எரிபொருளின் அளவைக் கூட்டினாள். சாவியைத் திருப்பினாள். கார் ஒரு உறுமல் உறுமியது. பழைய சத்தமே இல்லை... வேறு ஏதோ மிருகம்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பச்சை விழுந்தது. கார் சிறுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டியது. போர்டில் டைம் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஓட்டியதிலேயே சிறந்த டைம் என்று பீற்றிக்கொண்டிருந்தேனே — அது எங்கேயோ பின்னால் கிடந்தது.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு இன்ஜின் டியூனர் கையை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார். நானும் கையை நீட்டினேன். என் பத்தியைப் படிக்கிறவராக இருக்கும்! அவர் என்னைத் தாண்டிப் போய் வாணியின் கையைக் குலுக்கினார். "சூப்பர் மேடம், செட்டப் யாரு மாடித்து? யாரு செஞ்சது?"

"நானே."

"ஓ..." என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார் யாரு?"

"வீட்டுக்காரர்" என்றாள். நீட்டிய கையால் தலையைக் கோதிக்கொண்டேன்.

அடுத்து என் முறை. பெல்ட் மாட்டும்போது வாணி ஜன்னலில் குனிந்தாள். டேஷ்போர்டில் ஃப்யூவல் ப்ரெஷர் மீட்டர். அதில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள்.

"ஏனுங்க, பழைய டேங்க்ல ஒட்டியிருக்கிற கசடையெல்லாம் எத்தனால் கரைச்சு எடுத்துட்டு வரும். ஃபில்டர் அடைச்சாலும் அடைச்சிரும். முள்ளு இந்த டேப்புக்குக் கீழே போச்சுன்னா உடனே காலை எடுத்துருங்க. எரிபொருள் பத்தாம அழுத்தினா பிஸ்டன் உருகிரும்."

தலையாட்டினேன். காதில் விழுந்தது அவள் டைம் மட்டும்தான்.

பச்சை. மிதித்தேன். சீட் என்னை முதுகில் அறைந்தது. அடடா... இதுவா என் கார்? கியர் மாற்றியது ஒவ்வொன்றும் வெண்ணெயாக விழுந்தது. எனக்கே தெரிந்தது, இது அவளுடையதைவிட நல்ல ரன். ஜெயிக்கிறேன்... அவளை ஜெயிக்கிறேன்...

முள் சரிந்தது.

டேப்புக்கு மேலே துடித்தது. அப்புறம் டேப்புக்குக் கீழே. கோடு கண்ணுக்கு எதிரே. இன்னும் கொஞ்ச தூரம், கண் மூடித் திறக்கிற நேரம். என் காலுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் எழவில்லை. அந்த நொடியில் எனக்கு இன்ஜின் தேவைப்படவில்லை, கார் தேவைப்படவில்லை. அவள் டைம் மட்டும் உடைந்தால் போதும்.

அப்போது ஞாபகம் வந்தது, காருக்கு அடியில் அவள் முனகிய முனகல். அந்தக் குஷியின்மேல்தானே நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன்?

காலை எடுத்தேன்.

கார் தளர்ந்துபோய்க் கோட்டைத் தாண்டியது. போர்டில் வந்த டைமை இங்கே எழுதமாட்டேன்.

வாணி ஓடி வந்தாள். ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே தார் மாதிரி கறுப்புக் கசடு. லேப்டாப்பில் என் ரன்னின் கோடுகளைப் பார்த்தாள். முள் எங்கே சரிந்தது, கால் எங்கே எழுந்தது... எல்லாம் அதில் இருந்தது. கொஞ்சம் தாமதமாக எழுந்ததும் சேர்த்து. அவள் அதைப் பார்த்தாள் என்பதையும் நான் பார்த்தேன்.

"நல்ல ரன்னுங்க. காலை எடுக்காம இருந்திருந்தா என் டைமை உடைச்சிருப்பீங்க."

"தெரியும்."

ஃபில்டரைத் துணியில் சுற்றியபடி மெதுவாகச் சொன்னாள். "நானா இருந்தா காலை எடுத்திருக்க மாட்டனுங்க."

அவளுக்கும் வயிறு எரியுமா! இத்தனை வருஷம் காபியோடு ஓரமாக நின்றபோது அவளுக்குள் என்ன எரிந்ததோ... நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

ஆபீசில் சகாவுக்குப் பிரமோஷன் வந்தால் பொறாமைப்படுகிறோம். சொந்தக்காரன் வீடு கட்டினால் பொறாமைப்படுகிறோம். அதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளவும் செய்கிறோம். ஒரே குக்கரில் சாப்பிடுகிறவர்மேல் வருகிற பொறாமையை மட்டும் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒரே குக்கரில்தான் சாப்பிட்டாக வேண்டும்!

எனக்கு அது போய்விட்டதா என்று கேட்டால்... இல்லை. அவளுடைய டைம் இன்னும் குத்துகிறது. ஆனால் இனி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பொறாமைப்படலாம் என்று தோன்றுகிறது. அது பரவாயில்லை.

புது ஃபில்டரை மாட்டிக்கொண்டு மைசூருக்குத் திரும்பும்போது வாணிதான் ஓட்டினாள். நஞ்சன்கூடு தாண்டியதும் கேட்டாள்.

"இதை உங்க பத்தியில எழுதுவீங்களா?"

"எழுதணும்."

"இந்தத் தடவை நான் எழுதித் தரட்டுங்களா?"

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் நன்றாகச் செய்து தொலைத்துவிட்டால்?