துஷாந்தின் கல்வெட்டில் வராத வரி

துஷாந்தின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு தேவாரங்களும் சேர்த்து, அன்று வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. சொந்தத்தில் யார் செத்தாலும் அதை எழுதுகிறவர் சிவபாதம் சித்தப்பா. துஷாந்தைப் பற்றி அவர் எழுதி அனுப்பியதை வாசித்த அக்கா யோகராணிக்கு எரிச்சல்தான் வந்தது. "பெரியோரை மதிப்பவர், இறைபக்தி மிக்கவர், அமைதியானவர்." போன மாதம் செத்த இரத்தினவேல் அண்ணையும் அவருடைய கல்வெட்டில் இதே ஆள்தான்.

துஷாந்த் கோயிலுக்கு வந்தாலும் காரை விட்டு இறங்கமாட்டான். குடும்பம் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் காவலாளி வேலை. நாற்பது வயதில் மாரடைப்பு. வேலை முடிந்து வந்தால் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு கணினியில் சுடுகிற கேம்தான். வெவ்வேறு இடங்களில் இருந்தபடி ஐந்து பேர் ஒரே அணியாக விளையாடுவார்கள். அணிக்கு அவன்தான் தலைவன். அதிலிருந்து கெட்ட வார்த்தைகளும் பழகினான். தோற்ற ஆத்திரத்தில் ஒரு கீபோர்ட்டையே உடைத்தான். அதற்காக அவனோடு சண்டை பிடித்தவள்தான் யோகராணி.

ஆனால் அம்மா குளியலறையில் விழுந்த அன்று, வீடு நிறைய உறவும் அயலும் நின்றும் "ஐயோ" என்று கத்தினார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. துஷாந்த் குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, அம்புலன்சுக்கு அடி. அத்தான், கீழ போய் லிஃப்டைப் பிடிச்சு வையுங்கோ. கிளடிஸ் அன்ரி, அம்மான்ர தலை அசையாமப் பிடியுங்கோ."

அம்மா பிழைத்தார். பிறகு யோகராணி கேட்டாள்: "இதெல்லாம் எங்கையடா பழகினனி?"

"கேமில. ஆராவது செய்யுங்கோ எண்டா ஒருத்தரும் செய்யாயினம். பேரைச் சொல்லிச் சொல்லோணும். நான் கத்தினா என்ர ரீமும் கத்தும்."

"ஆக்களைச் சுட்டோ இதைப் பழகினனி?"

"ஓமக்கா, சுட்டுத்தான். அதுக்கு நானென்ன செய்ய?" என்று சிரித்தான்.

அந்தக் கேமில் அணியை நடத்தி, பதறாமல் இருக்கப் பழகியவன் என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, ஊரில உன்ர அப்பாவைச் சுட்டுத்தானே கொன்றவங்கள்? அந்த வீட்டுப் பெடியன் சுட்டு விளையாடினவன் எண்டு அச்சடிச்சுக் குடுக்கச் சொல்லுறியோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சரி, சுடுறதை விடுங்கோ. பதறாதவன் எண்டாவது போடுங்கோ."

"அமைதியானவர் எண்டு போட்டிருக்கிறன்தானே."

"அது வேறை, சித்தப்பா!"

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. பிரஸ்ஸுக்கும் அனுப்பியாச்சு."

அந்தியேட்டியன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் தெரியாத பெண் ஒருத்தி இருந்தாள். நிலாணி, நகரின் மறுகோடியில் ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்தாள். துஷாந்தின் கணினிக்கு வந்து குவிந்த செய்திகளுக்கு யோகராணிதான் மறுமொழி போட்டிருந்தாள்; அதைப் பார்த்து வந்த, அவனுடைய கேம் அணிக்காரி. அவனை நேரில் ஒருமுறையும் கண்டதில்லை, குரல் மட்டும்தான் தெரியும். கல்வெட்டைப் புரட்டிவிட்டு யோகராணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொறி அன்ரி, எனக்குத் தமிழ் ஸ்லோவாத்தான் வாசிக்க வரும். இதில எங்கட ஆள் எந்தப் பக்கத்தில இருக்கிறார்?"

"இல்லையம்மா. விட்டிட்டினம்." பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு யோகராணி அமர்ந்தாள். "நீ சொல்லு. உங்களோட அவன் எப்பிடி?"

"அவர் வந்து... ஒருக்கா கேமில நான் பதறி அழுதிட்டன், மற்றாக்கள் எல்லாம் சிரிக்க, அவர்..."

மைக்கில் சித்தப்பாவின் குரல் வந்தது. தேவாரத்துக்கு எல்லோரும் எழும்ப வேண்டுமாம், சகோதரி முன்னுக்கு வர வேண்டுமாம். யாரோ வந்து யோகராணியின் கையைப் பிடித்து எழுப்பினார்கள். "கொஞ்சம் இரு பிள்ளை, போயிடாதை," என்றபடி போனாள்.

சித்தப்பா ஒரு பதிகத்தையும் விடவில்லை. பாடி முடிந்து யோகராணி திரும்பி வந்தபோது, அந்தப் பிள்ளைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். வாசல்வரை ஓடிப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவருமில்லை.

உள்ளே சித்தப்பா, "பிள்ளை, சனத்தைச் சாப்பிடக் கூப்பிடு," என்றார்.