சிக்கரி முப்பது

"உங்க கடைக்காரம்மா என்னை நல்லா ஏமாத்திட்டாங்க சம்பந்தி!"

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு போனில் இப்படி ஒரு குரல். என் மகளின் மாமியார். ஆவடிக்காரர். அவர் ஏமாந்தது காபித் தூளில். ஏமாற்றியது யார்? அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் நூர்ஜஹான் அக்காவுக்கு ஒரு காபித் தூள் கடை. ஏற்காட்டிலிருந்து கொட்டை வரவழைத்து, வறுத்து, நம் கண்ணெதிரே அரைத்துக் கொடுப்பார். என்னைவிட இளையவர்தான். ஏரியாவே அக்கா என்கிறது, நானும் அப்படியே. என் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து மாதம் ஒரு தடவை டூவீலரில் போய் வாங்கி வருகிறேன்.

அந்தக் கடையில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. "சிக்கரி எவ்ளோ போடட்டும்?" என்று அக்கா கேட்டால், க்யூவில் நிற்கும் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறதே! "எப்பவும் போல" என்பார்கள். எப்பவும் போல என்றால் முப்பது சதவீதம். சிலருக்கு நாற்பது. யாருக்கு எவ்வளவு என்பது அக்காவுக்கு மனப்பாடம். நானும் 'எப்பவும் போல' ஆசாமிதான்.

எதற்கு இந்த வெட்கம்? சிக்கரி என்ன கஞ்சாவா? ஒரு செடியின் வேர், அவ்வளவுதான். வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். நமக்குப் பிடித்ததே அந்தக் கெட்டிதான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் "ப்யூர் காபி" என்று சொல்லாவிட்டால் நமக்குக் கௌரவக் குறைச்சல்.

காபியில் சிக்கரி கலந்து பாக்கெட்டில் விற்றால், காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று மேலே போட்டாக வேண்டும். சட்டம் அப்படி. முன்பெல்லாம் வெறும் பேப்பர் கவரில் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, இரண்டு மாதம் முன்பு பாக்கெட்டுக்கு மாறினார். கூடவே அவரவர் கலவைக்கு ஏற்ற ஸ்டிக்கரும் அடித்தார். என் பாக்கெட்டில், 'ஏற்காடு கொட்டை. காபி 70, சிக்கரி 30.' கண்ணாடி போடாமலே என்னால் படிக்க முடிந்தது.

ஜனங்கள் சந்தோஷப்பட்டார்களா? சண்டைக்கு வந்தார்கள்!

"இன்னாக்கா, ஊரைக் கூட்டிச் சொல்ற மாரி எழுதிக்கீறே? என் மருமவ பார்த்தா இன்னா நெனைப்பா? ஸ்டிக்கர் இல்லாம குடு" என்று ஒரு அம்மாள் என் முன்னாலேயே எகிறினார்.

"ஒட்டாம குடுக்க மாட்டேன்மா. உள்ள இன்னா கீதோ அதத்தானே எழுதிக்கீறேன்" என்றார் அக்கா.

அந்த அம்மாள் விறுவிறுவென்று எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அங்கே பளபளக்கும் பாக்கெட்டில் மலை, மேகம், ஒரு யானை. 'அசல் குடகு எஸ்டேட் காபி.' பார்த்துவிடலாம் என்று நானும் ஒன்று வாங்கினேன். திருப்பித் திருப்பித் தேடி, கடைசியில் அடி மடிப்பைப் பிரித்தால் எறும்பு சைஸில் எழுதியிருக்கிறது... காபி 53, சிக்கரி 47! அந்த ஐம்பத்து மூன்று சதவீதமாவது குடகில் விளைந்ததா? எந்த ஊர், எந்தத் தோட்டம் — மூச். குடகுக் காபிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வேறெங்கோ விளைந்த கொட்டைக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. யானைக்கு இதெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

எனக்கு வந்ததே கோபம்! நேராக அக்காவிடம் போனேன். "ஸ்டிக்கரை மட்டும் எடுத்துடாதீங்க. நான் உங்க கடையைப் பத்திப் பத்திரிகையில எழுதறேன்."

"எழுதுங்க சார். ஆனா ஆளு கொறைஞ்சிகினே போவுது. பக்ரீத் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இப்டியே இருந்தா மெஷினை வித்துட்டு ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்" என்றார்.

மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. எனக்கு ஒரு கிலோ, எப்பவும் போல, வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தூள் டப்பாவுக்குள் போயிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட் குப்பைக்குப் போயிருந்தது. என் மனைவி அதிலெல்லாம் கெட்டிக்காரி. ஒரு வாய் குடித்ததுமே சம்பந்தியம்மா, "பிரமாதம்! ப்யூர் காபியா?" என்று கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"பின்னே? ப்யூர் ஏற்காடு. சிக்கரி வாசனையே கிடையாது. கரையான்சாவடி நூர்ஜஹான் அக்கா கடை!"

திங்கட்கிழமையே சம்பந்தியம்மா ஆவடியிலிருந்து பஸ் ஏறிப் போய், சிக்கரி இல்லாமல் அரைத்து வாங்கியிருக்கிறார். செவ்வாய் காலை காபி போட்டால்... நிறமும் இல்லை, கெட்டியும் இல்லை. மறுபடி பஸ் ஏறிவிட்டார். அந்தப் பத்தரை மணி போன் வந்தது கடையிலிருந்து!

"காபி நூறுன்னு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்காங்க. பச்சைப் பொய்! நாலு பேர் முன்னாடி நல்லா கேட்டுட்டேன்" என்றார்.

அந்த ஏரியாவிலேயே உண்மையை எழுதி ஒட்டிய ஒரே மனுஷி, என்னால் நாலு பேர் நடுவில் பொய்க்காரி ஆகி நிற்கிறார். எதிர்க் கடை யானை இப்படி ஒரு உதவியைக் கனவிலும் எதிர்பார்த்திருக்காது.

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க சம்பந்தி" என்றேன். போட்டார்.

"ஸ்டிக்கர்ல இருக்கிறதுதான் உண்மை. நான் சொன்னதுதான் பொய். நீங்க எங்க வீட்ல குடிச்சது முப்பது பர்சென்ட் சிக்கரி. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. பத்து வருஷமா நான் வாங்கறது அதுதான்."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

"அட, இவ்வளவுதானா?" என்றார் சம்பந்தியம்மா. "அப்ப எனக்கும் அதையே அரைக்கச் சொல்லுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஸ்டிக்கர் மட்டும் வேணாம் சம்பந்தி. எங்க வீட்டுக்கும் நாலு பேர் வந்து போவாங்க இல்ல?"

கடையில் நின்றுகொண்டு பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டார். அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"ஒட்டித்தான் குடுப்பேன்மா! சாருக்கும் ஒண்ணு குடுத்தனுப்புறேன்... நெத்தியில ஒட்டிக்கினு எழுதச் சொல்லுங்க!"

ஒட்டிக்கொண்டுதான் இதை எழுதியிருக்கிறேன்.