குலாம் ரசூல் வெந்நீர்ச் சுனைக்குப் போனது

கோவில்பட்டியில் குலாம் ரசூலுக்கு யாரும் சும்மா எதையும் கொடுத்துவிட முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பார். அந்த விசேஷம் உண்மைதானா என்று எதிர்வீட்டில் விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் வாயில் வைப்பார். அதற்குள் பாயசம் ஆறி ஆடை கட்டியிருக்கும்.

இந்தக் குணம் வேலையோடு ஒட்டிக்கொண்டது. அவர் தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குகிறவர். குச்சியின் தலையில் ஏறுகிற மருந்தில் ஒரு மணல் துகள் கிடந்தால் போதும், கலக்கும்போதே உரசிப் பற்றிக்கொள்ளும். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், சலித்த சரக்குதானே என்று நம்பியவர். அவரை வாழையிலையில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குலாம் ரசூல் யார் சலித்துக் கொடுத்தாலும் மறுபடி தானே சலிப்பார். எந்தச் சரக்கில் எவ்வளவு என்பது ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு ரகசியம். அவர் அதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பார். முதலாளிக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. அறுபதை நெருங்கியும் பத்து விரலும் பத்திரமாக இருக்கிற மருந்துக்காரர் அந்த வட்டாரத்திலேயே அபூர்வம். சந்தேகத்தை ஆபீசிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் அவரை யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

வீட்டில் இருந்தது அவருடைய மாமன் மகளும் மனைவியுமான பதருன்னிசா. அந்த அம்மாளுக்கு வாதம் வந்து இரண்டு முழங்காலும் இறுகிவிட்டன. முக்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவை முக்காலியில் இருந்தபடி தலையை மட்டும் குனிந்து முடித்துக்கொள்வதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு தடவையாவது நெற்றி தரையில் படவேண்டும் என்று அழுவாள். கழுகுமலை வைத்தியர் ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். குலாம் ரசூல் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கலப்படம் என்று சொல்லித் தெருவில் கொட்டினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் வாக்கில், மலையிலிருந்து தீக்குச்சி மரம் ஏற்றிவரும் லாரி டிரைவர் அய்யாத்துரை ஒருநாள் ஏதோ சொல்ல வீட்டுக்கு வந்தவன், அந்த அம்மாள் வாசற்படி இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி, நாங்க மரம் எடுக்குத கூப்புக்கு மேல ஒரு வெந்நிச் சுனை இருக்கு. மரம் வெட்டுதவங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டா அதுலதான் போயி கெடப்பாங்க. மதினிய கூட்டிட்டு வாங்க. போகும்போது லாரி சும்மாதான ஏறுது."

சும்மா என்ற வார்த்தைதான் குலாம் ரசூலைக் குத்தியது. இவனுக்கு என்ன அக்கறை? யோசிப்போம் என்றார். பதருன்னிசா யோசிக்கவில்லை. "நான் போறேன். நீங்க வந்தா வாங்க" என்று மாற்றுச் சேலையை மடித்து வைத்துவிட்டாள். அவர் கிளம்பியது காவலுக்குத்தான்.

சங்கரன்கோவில் தாண்டியதும் கரிசல் மறைந்து மண் சிவந்தது. செங்கோட்டையும் தாண்டி லாரி மலை ஏறியது. ஜன்னலோரம் பதருன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பச்சையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் குலாம் ரசூல் அய்யாத்துரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் அய்யாத்துரை பேச்சுக் கொடுத்தான்.

"அடமழையிலயும் உங்க ஆபீஸ் குச்சி மட்டும் நமுத்துப் போகாம பத்துதே, அது எப்படி அண்ணாச்சி?"

குலாம் ரசூலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு ஆபீஸ்காரன் எவனோ மருந்துக் கூட்டைக் கறக்க இவனை அனுப்பியிருக்கிறான். பெண்டாட்டி கால் ஒரு சாக்கு. "அத குச்சிகிட்டதான் கேக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

காட்டில் மரம் வெட்டுகிற கூப்பில் லாரி நின்றது. சுனைக்குக் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். அய்யாத்துரை வெட்டிக் கொடுத்த கம்பை ஊன்றி, புருஷன் தோளைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள் பதருன்னிசா. பாறைகளுக்கு நடுவே ஒரு குளம், மேலே ஆவி. கிட்டே போனதும் குலாம் ரசூலின் மூக்கு விடைத்தது. கந்தகம்! ஆயுசெல்லாம் முகர்ந்த சரக்கு அவருக்குத் தெரியாதா? குனிந்து பார்த்தார். கரைப் பாறையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. சுண்ணாம்பு! வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எப்படித் தளதளவென்று கொதிக்கும் என்பது கோவில்பட்டியில் எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பால் சூடு, கந்தகத்தால் வாசனை. சுனை தயார்.

பதருன்னிசா ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள். அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் தடுமாறிப் பாறையில் உட்கார்ந்தாள்.

"எறங்காத! தோலு வெந்துரும். நம்ம ஆபீஸ் கந்தகத்தையே களவாண்டு வந்து கொட்டியிருக்கான்."

அய்யாத்துரையின் முகம் சுண்டிப்போனது. "மலைய வேவிக்க எத்தன வண்டி சுண்ணாம்பு வேணும் அண்ணாச்சி?"

"அது ஒனக்குத்தான் தெரியும்."

"சரி. ஆம்பளயாளு யாரும் வராம நான் பாதையில நிக்கேன்" என்று அவன் கீழே இறங்கிப் போய்விட்டான்.

பதருன்னிசா குளத்துக்குத் தண்ணீர் இறங்கி வருகிற ஓடையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மச்சான் சொல்லுதது சரியாத்தான் இருக்கும். தண்ணி மேல இருந்துல்லா வருது. சாக்கு அங்கனதான் கெடக்கும். போயி பாத்துட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

குலாம் ரசூலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் இவளுக்குப் புத்தி வந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடை வழியே உற்சாகமாக ஏறினார். புதரை விலக்கிப் பார்த்தார். கல்லைப் புரட்டிப் பார்த்தார். சாக்கும் இல்லை, வண்டித் தடமும் இல்லை, மனிதன் நடந்த சுவடுகூட இல்லை. கடைசியில் ஒரு பாறை வெடிப்பு. அதன் உதட்டில் மஞ்சளாகக் கந்தகம் பூத்திருக்க, உள்ளே இருந்து தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது. விரலை விட்டார், சுட்டது. ஒருவேளை தற்செயலோ என்று இன்னொரு விரலையும் விட்டார். அதுவும் சுட்டது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பூமிக்கு அடியில் எந்த ஆபீஸ் நடக்கிறதோ, எந்த மருந்துக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு கலக்குகிறானோ, யாரைப் போய்க் கேட்பது? அய்யாத்துரையை நினைத்து வெட்கமாக இருந்தது. கொட்டிய எண்ணெயும் ஞாபகத்துக்கு வந்தது. போய் அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் திரும்பினார்.

கடைசிப் பாறையைச் சுற்றி வந்தவர் நின்றுவிட்டார். நனைந்த சேலை ஒரு கல்மேல் காய்ந்துகொண்டிருந்தது. பதருன்னிசா மாற்றுச் சேலையில், மேற்கே பார்த்துத் தொழுதுகொண்டிருந்தாள். பக்கத்துப் பாறையை ஒரு கையால் பிடித்தபடி முழங்காலை மடக்கினாள். பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மடக்கினாள். பிறகு சூடான பாறையில் அவள் நெற்றி போய்ப் படிந்தது. நெடுநேரம் அப்படியே கிடந்தாள். குலாம் ரசூலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொழுது முடித்து அவள் திரும்பினாள். "சுண்ணாம்பு இருந்துச்சா?"

"இல்ல."

"இருக்காதுன்னு தெரியும். நீங்க இங்கன நின்னா நான் எறங்க முடியாதுல்லா. அதான் அனுப்புனேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் உலை வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவரை அடித்தது. அவள் காலுக்கும் மருந்துக்கும் நடுவே இத்தனை நாளும் நின்றது வேறு யாருமில்லை, தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

"இன்னொரு மட்டம் எறங்குதியா? நான் கையப் புடிச்சுக்கிடுதேன்" என்று கையை நீட்டினார்.

பதருன்னிசா உடனே பிடித்துவிடவில்லை. அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதியில வெளிய இழுக்க மாட்டீங்கல்லா?" என்று கேட்டாள்.