குளிர்ந்த கேமராவில் தெரியாத புள்ளி

கேமரா மெக்கானிக்குக்குப் பக்கத்து அறைத் தையல்காரர் வைத்த பெயர் புள்ளி டாக்டர். மற்ற மெக்கானிக்குகள் லென்சைத் துடைப்பார்கள், பொத்தானை மாற்றுவார்கள். இவருக்குப் புள்ளிதான் உயிர். எந்தப் படம் எடுத்தாலும் ஒரே இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிகிறது என்று யாராவது வந்து நின்றால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும்.

முதலில் படத்தைக் கணினித் திரையில் மேலும் கீழும் நகர்த்துவார். புள்ளி கூடவே நகராமல் நின்ற இடத்திலேயே நின்றால் கோளாறு மானிட்டரில். கறுத்து மங்கலாக இருந்தால் வெறும் தூசு. இரண்டும் இல்லையென்றால் லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டையே படம் எடுப்பார். ஒளியே புகாத படத்தில் எது ஒளிர்கிறதோ அதுதான் கெட்டுப்போன பிக்சல். அதைப் பிடுங்கிப் போட முடியாது. அது இருக்கும் இடத்தைக் கேமராவின் நினைவில் ஏற்றிவிட்டால், கேமரா இனி அதன் பேச்சை நம்பாது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களை விசாரித்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். இதற்குப் பெயர் பிக்சல் மேப்பிங்.

இந்த வேலைக்காக அறையில் எப்போதும் ஏசி ஓடும். தூசுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே மாட்டார். "இது என்ன கடையா, பிணவறையா?" என்று தையல்காரர் வாசலிலேயே நின்று கேட்பார். மெக்கானிக்குக்கு அந்தக் குளிரில் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவர் தலையில் கல்லைப் போட்டது.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் மகனும்தான். மகன் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தன் சொந்தக் கேமராவோடு வந்து, "அப்பா, சிவப்பா ஒரு புள்ளி விழுது, பாருங்க" என்றான். மறுநாள் காலை இவர் மூடியைப் போட்டுச் சோதித்தார். இருட்டு சுத்தமாக இருந்தது. "கேமரா நல்லாத்தான்டா இருக்கு. உன் மானிட்டரத் துடை" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே ஒரு நாட்டிய நிகழ்ச்சி. மூன்று மணி நேரம் ஓயாமல் எடுத்ததில் கேமரா சூடேறிவிட்டது. நானூறு படங்களில் சிவப்புப் புள்ளி, பல படங்களில் ஆடியவர்கள் முகத்திலேயே. ஸ்டூடியோ முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மகன் கொதித்துப்போய் வந்தான். புள்ளி விழும் இடத்தை எண்ணி ஒரு உறையின் மேல் எழுதியிருந்தான்: இடமிருந்து 1412, மேலிருந்து 2306. உறையை மேசையில் வைத்தான். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருபது வருஷமா இதே வேலை பாக்கறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வராதுல்ல?" என்றான் மகன். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன்தான். அவனுடைய பழைய ஃபோன் எண்ணும் வேலை செய்யவில்லை.

அடுத்த கோடையில் ஒரு நிருபர் வெயிலிலிருந்து நேராக வந்து ஒரு கேமராவை வைத்தார். தொட்டால் சுட்டது. மூடியைப் போட்டு எடுத்தால் ஏழெட்டுப் புள்ளிகள். மறுநாள் காலை, ஏசியில் கிடந்து குளிர்ந்த அதே கேமராவில் ஒன்றுமே இல்லை. மெக்கானிக் அலமாரியைத் திறந்து, மகன் வைத்துவிட்டுப் போன உறையை முதல் முறையாக எடுத்துப் படித்தார். சூடேறினால்தான் தலைகாட்டுகிற புள்ளியை, குளிர வைத்துத் தேடியிருக்கிறார். மகன் சொன்னது அத்தனையும் நிஜம்.

அதற்குப் பிறகுதான் அந்த இணையப் பக்கம் கண்ணில் பட்டது. எங்கெங்கோ இருக்கும் புகைப்படக்காரர்கள் கூடி நடத்துவது. யார் எடுத்தது என்று போட மாட்டார்கள், படம் மட்டும் முழு அளவில் வரும். அழகைப் பார்ப்பதற்குப் பதில் புள்ளி தேடுவது இவருக்குத் தொழில் வியாதி. ஒரு பாலத்தின் படத்தில், ஆற்றுக்குள், சிவப்பாகப் பொடிக் கூட்டல் குறி போல ஒன்று. நகர்த்தினார், கூடவே நகர்ந்தது. எண்ணினார். 1412, 2306. அலமாரியிலிருந்து உறையை எடுத்து வைத்து இன்னொரு முறை எண்ணினார். கண் நிறைந்துபோய் மூன்றாம் முறை எண்ண முடியவில்லை.

நாலு வருடம் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டே மகனோடு வாழ்ந்தார். துறைமுகம் ஒன்றில் வேலை போலிருக்கிறது. ஒரு படத்தில் மேசை மேல் இரண்டு கோப்பைகள், ஆக ஒருத்தி வந்திருக்கிறாள். ஒரு படத்தில் ஜன்னல் கம்பியில் உள்ளங்கை அளவு சட்டை காய்ந்தது. அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அவர் காரணமில்லாமல் சிரித்துப் பேசினார். இரவில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தவர் பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பிறகு குழந்தையே வந்தது. துணிக்குள் பாதி முகம் புதைத்துத் தூங்குகிற குழந்தை. வெளியே தெரிந்த கன்னத்தில், சரியாக நடுவில், அந்தச் சிவப்புப் புள்ளி.

படத்தைத் தையல்காரரிடம் காட்டினார். "நான் பண்ண தப்பு, பேரப்புள்ள மூஞ்சில வந்து உக்காந்திருக்கு. எப்படிச் சரி பண்றதுன்னு கீழ எழுதிடலாம்னு பாக்கறேன்."

"சும்மா இருங்க டாக்டர். புள்ளி போச்சுன்னா எந்தப் படம் உங்க பையனோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முடியாது."

"அப்ப விடுங்களேன். கேமராக்கு என்ன, உயிரா போகுது?"

மெக்கானிக் இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். கண்ணை மூடினால் அந்தக் கன்னம்தான். மூன்றாம் நாள் படத்தின் கீழே எழுதினார். தன் ஃபோன் எண்ணை எழுதி அழித்தார். கடையும் எண்ணும் மாறவில்லை, கூப்பிட நினைத்தால் கூப்பிட மாட்டானா? கடைசியில் பெற்ற மகனை 'நீங்கள்' போட்டு, ஊரான் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி எழுதினார்:

"கேமராவை அரை மணி நேரம் ஓட விட்டுச் சூடாக்குங்கள். பிறகு மூடியைப் போட்டு, மெனுவில் பிக்சல் மேப்பிங் செய்யுங்கள். புள்ளி உங்கள் மானிட்டரில் இல்லை. குளிர்ந்த கேமராவைச் சோதித்தது மெக்கானிக்கின் தப்பு."

பதில் வரவில்லை. அடுத்த வாரம் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அந்த இடத்துக்குப் போனார். எதிலும் புள்ளி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மகன் படித்திருக்கிறான். சொன்னபடி செய்தும் இருக்கிறான். புள்ளி டாக்டர் தொழிலில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை.

அந்த மாதம் இணையப் பக்கத்தில் பதினோரு குழந்தைகளின் படங்கள் வந்திருந்தன. பதினொன்றும் சிரித்தன. அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் ஒரே அளவு நேரம் பார்த்தார்.