அகரம் தென்னந்தோப்பில் ஒரு பாய்மரப் படகும் அதன் பேட்டரியும்

இன்று புதன்கிழமை, காலை ஆறரை மணி நிலவரப்படி பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது. தகவல் தந்தவர் படகுக்காரரின் மனைவி கலாவதி. மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கணவருக்குச் சாதகமாக ஒரு புள்ளியைக்கூடக் கூட்டிச் சொல்கிற ஆள் அவர் இல்லை. ஆகவே இதை உறுதியான செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களும் வாங்க ஆசைப்படுபவர்களும் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதி பேட்டரியைப் பற்றியவை. புதிதாக வாங்கினாலும் ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது என்பதுதான் கேள்வி. பதில் தேடி நான் போக வேண்டியிருந்த இடம் கடற்கரை அல்ல, திண்டுக்கல். போன வாரம் செவ்வாய், புதன் இரண்டு நாளும் அங்கே இருந்தேன்.

திண்டுக்கல்லில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருப்பவர் என் நண்பர் செல்வராஜ். வீடும் தென்னந்தோப்பும் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், அகரத்தில். இரண்டு வருடத்துக்கு முன் கொச்சியில் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார். கடற்கரையில் நிறுத்தினால் வாடகை, உப்புக்காற்று, காவல் என்று ஆயிரம் தொல்லை. அதனால் படகை டிரெய்லரில் ஏற்றித் தோப்பிலேயே வைத்துக்கொண்டார். கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஜீப்பில் கட்டி மண்டபம் வரை இழுத்துப் போவார். ஒரு வழிக்குச் சுமார் இருநூற்று இருபது கிலோமீட்டர், ஆறு மணி நேரம். இப்படி ஒரு மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது.

கடைசியாகப் போனபோதுதான் வினை வந்தது. மண்டபத்துக்கு வடக்கே, பொழுது சாய்ந்த நேரத்தில் காற்று விழுந்துவிட்டது. பேட்டரியும் உயிரை விட்டது. மற்றப் படகுகளுக்கு நம்மைக் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகள் அணைந்தன. இன்ஜினைக் கிளப்ப மின்சாரம் இல்லை. இருட்டில் வந்த விசைப்படகு ஒன்று, கத்தினால் காதில் விழும் தூரத்தில்தான் விலகித் திரும்பியது. செல்வராஜ் வீட்டுக்கு வந்து இதை ஒளிக்காமல் சொன்னார். கலாவதி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இன்னொரு தடவை விளக்கு அணைந்தால் படகு விற்பனைக்கு. காரைக்காலில் ஒருவர் விலை கேட்டு ஏற்கெனவே பேசியிருக்கிறார். இதுவரை மாற்றியது மூன்று பேட்டரி. செல்வராஜ் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். எட்டரைக்கெல்லாம் திண்டுக்கல். அங்கிருந்து கரூர் சாலையில் டவுன் பஸ்ஸில் தாடிக்கொம்பு, அரை மணி நேரம். பெருமாள் கோயில் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தேன். முகவரி சொல்ல வாயெடுப்பதற்குள் டிரைவர் என் தோளில் தொங்கிய மஞ்சள் மிதவை அங்கியை, அதாவது லைஃப் ஜாக்கெட்டை, பார்த்துவிட்டார்.

"கப்பல்காரர் வீட்டுக்குத்தான? ஏறுங்க, எம்பது ரூவா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"என்ன சார் இப்பிடிக் கேக்குறீங்க? குடகனாத்துல வெள்ளம் வந்தா எங்களை எல்லாம் ஏத்திக்கிர்றேன்னு சொல்லிருக்காரு. எங்க, வெள்ளந்தான் வர மாட்டேங்குது."

தோப்புக்குள் நுழைந்ததும் தென்னைகளுக்கு நடுவே வெள்ளைப் படகு நிற்பதைப் பார்க்கலாம். பாய்மரத்தைச் சாய்த்து நீளவாக்கில் கட்டியிருந்தார்கள். கயிறுகள் சுருட்டி மாட்டப்பட்டிருந்த ஒழுங்கைப் பார்த்தால், கடலோரத்துப் படகுக்காரர்கள் பலர் வெட்கப்பட வேண்டும். தேங்காய் விழாமல் இருக்க மேலே தகரக் கொட்டகை. ஒரு மட்டை விழுந்து நெளிந்த இடத்தைக்கூடத் தட்டி நேராக்கியிருந்தார்.

முதல் சோதனை கண்ணாலேயே. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. இது இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறாது, எடுக்கவும் வராது. வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். நுரைத்துக்கொண்டு போய்விட்டது. காய்ந்தபின் முனைகளை இறுக்கி மேலே வாஸ்லைன் தடவினோம். ஆப்ப சோடா கலாவதியின் அடுப்படியிலிருந்து வந்தது. "படகு சாப்புட்டது போக மிச்சம் இருந்தா நாளைக்கு ஆப்பம் சுடுறேன்" என்று டப்பாவைக் கொடுத்தார்.

அடுத்தது, பேட்டரியே கெட்டதா என்று பார்ப்பது. கழற்றி ஜீப்பில் வைத்துத் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பாஸ் என்பவரின் பேட்டரி கடைக்குப் போனோம். அவர் ஆறு மூடிகளையும் திறந்து பார்த்துவிட்டு செல்வராஜைப் பார்த்தார்.

"தகடு வெளிய தெரியுது மொதலாளி. தண்ணி காட்டாமயே ஓட்டுவீங்களா? இது என்ன ஒட்டகமா?"

"மறந்துட்டேன் பாய்."

"கடையில மோட்டாரு தண்ணியில்லாம காத்து வாங்குனா கஸ்டமரைத் திட்டுறீகள்ல?"

காய்ச்சி வடித்த நீரை அளவாக ஊற்றி, சார்ஜ் ஏற்றி, நிறைய கரண்ட் இழுக்கும் கருவியை மாட்டிப் பாரம் கொடுத்துப் பார்த்தார். பேட்டரி சாகவில்லை. புதிதில் இருந்த பலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் இருக்கிறது என்றார். அப்படியானால் குற்றம் பேட்டரியில் இல்லை. படகில் ஏதோ ஒன்று யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அகரம் திரும்பினோம். "வெஞ்சனம் ஒண்ணுதான்ணே, கோவிச்சுக்காதீக. இவுக சாப்பாட்டுக்கு வருவாகளா மாட்டாகளான்னே தெரியல" என்று கலாவதி முருங்கைக்காய் கூட்டு போட்டார். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூன்று மணிக்கு மறுபடி படகில் ஏறினோம். பேட்டரியை வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 0.42 ஆம்பியர். சிறிய எண்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. எழுபத்தைந்து ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி, நான்கே நாளில் காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் இந்த வகைப் பேட்டரியின் ஆயுள் சரசரவென்று குறையும்.

"படகுல கரண்ட் எடுக்கிறது என்னென்ன, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன். செல்வராஜ் விரல் விட்டு எண்ணினார்: பச்சை சிவப்பு விளக்கு, மரத்து உச்சி விளக்கு, ரேடியோ, செல்போன் சார்ஜர், அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப். ஒவ்வொன்றின் ஃப்யூஸையும் பிடுங்கிக்கொண்டே வந்தோம். மீட்டர் அசையவில்லை. கடைசியில் எல்லா ஃப்யூஸும் என் சட்டைப்பையில். அப்போதும் 0.42.

பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயர்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்று மீட்டரைக் கையில் பிடித்தபடி படகின் சின்ன அறைக்குள் தவழ்ந்தேன். ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே இருட்டு. செல்வராஜ் வெளியிலிருந்து, "எம்புட்டு காட்டுதுண்ணே?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். டார்ச் வேண்டுமா என்றார். வேண்டாம், நன்றாகத் தெரிகிறது என்றேன்.

சொன்ன பிறகுதான் எப்படித் தெரிகிறது என்று யோசித்தேன். மீட்டரின் மேல் சிவப்பாக வெளிச்சம் விழுந்திருந்தது. அறையின் முன்கோடியில் சௌந்தரராஜப் பெருமாள் படம். படத்துக்குக் கீழே சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் காரில் போடுகிற ஐந்து வாட் பல்ப். காலையில் உள்ளே வந்தபோது நானும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருந்தேன்.

"செல்வராஜ், இந்த விளக்கை நீங்க சொல்லவே இல்லையே?"

"எந்த வெளக்கு?" தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். "அண்ணே, அது லோடு இல்ல. அது சாமி."

மெயின் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையக் கூடாது என்று, சுவிட்சுக்கு முன்னாலேயே நேராகப் பேட்டரியில் ஒயர் கொடுத்திருந்தார். வேலை அவ்வளவு சுத்தம். இணைப்புகள் எல்லாம் ஈயம் வைத்து உறையிட்டவை. நாள் முழுக்க மோட்டார் ஒயரைப் பார்க்கிறவர். அவர் கணக்கில் இது மட்டும் வரவேயில்லை. கிண்ணத்தையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

கலாவதி சிரிக்கவில்லை. படகில் இந்த விளக்கு அணையாமல் எரியும் என்ற வாக்கை நம்பித்தான் படகு வாங்கவே அவர் சம்மதித்திருந்தார். "அன்னைக்குச் சாமி வெளக்கும் சேந்து அணைஞ்சு போச்சுன்னு இவுக சொன்னப்பதான் எனக்குக் குலையே நடுங்குச்சு. இப்ப அதைப் பிடுங்கப் போறீகளா?"

"பிடுங்கல கலா. பல்பை மாத்துவோம்."

"மாத்தி, வெளக்கு நிக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பத்து நாள் வீட்டுக் கரண்ட்ல சார்ஜ் போடாம நிறுத்துறேன். தெனம் ராத்திரி கடல்ல எரியிற வெளக்கு எல்லாம் நாலு மணி நேரம் எரியட்டும். காலையில நீயே மீட்டரைப் பாரு."

"பத்தாம் நாள் மீட்டர்ல 12.4-க்குக் கீழ எறங்குனா?"

செல்வராஜ் படகை ஒரு முறை பார்த்துவிட்டு, "காரைக்காலுக்கு நானே போன் போடுறேன்" என்றார்.

புதன்கிழமை மூன்று வேலை செய்தோம். சாமி விளக்குக்கு எல்.இ.டி. போட்டு, அதற்கும் ஒரு ஃப்யூஸ் வைத்தோம். இப்போது அது எடுப்பது 0.02 ஆம்பியர். மற்ற விளக்குகளையும் எல்.இ.டி.க்கு மாற்றினோம். அறையின் கூரையில் இருபது வாட் சோலார் பேனலும், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் கன்ட்ரோலரும் பொருத்தினோம். எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். ஒரு புதுப் பேட்டரி விலையைவிடக் குறைவு. தென்னை நிழலில் பேனல் வேலை செய்யாது என்பதால் படகைத் தேங்காய் காயப்போடும் களத்துக்கு இழுத்து வந்தோம். காய் உரிக்க வந்தவர்கள் மட்டையைப் போட்டுவிட்டு டிரெய்லரைத் தள்ளினார்கள்.

உங்கள் படகிலும் இதே தொல்லை என்றால் புதுப் பேட்டரி வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்: முனைகள், தண்ணீர் அளவு, கடையில் பாரச் சோதனை, எல்லாம் அணைத்த பின்னும் ஓடும் கரண்ட். சார்ஜரைக் கழற்றியவுடன் வோல்ட் பார்க்காதீர்கள், ஏமாற்றும். சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.7 நிறைவு, 12.2 பாதி. மூடிகளைத் திறக்கும்போது கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். படகில் மின்சாரம் எடுப்பவற்றை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். மீட்டரைச் சொல்ல விடுங்கள். மண்டபத்தில் படகு இறக்கும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். திண்டுக்கல் வழியாகப் போனால், எதிர்க்காற்றிலும் பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் கடலில்லாத அகரத்தில் இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை ஏழு காலை அளவுகளில் எதுவும் 12.5-க்குக் கீழே இறங்கவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மேகமூட்டம். பத்தாவது அளவு இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு எடுக்கப்படும். அதுவரை முடிவு எதுவும் இல்லை என்று கலாவதி இன்றும் திட்டமாகச் சொன்னார். பேச்சை முடிக்கும்போது, நான் அன்று கொண்டுவந்திருந்த மிதவை அங்கி என்ன சைஸ், அது பெண்களுக்கும் சரியாக இருக்குமா என்று கேட்டார். மீடியம் போதும் என்றேன். செல்வராஜிடம் சொல்ல வேண்டாம் என்றார். அவருக்கு ஒன்று ஆர்டர் போட்டாயிற்று. பார்சல் வெள்ளிக்கிழமை வருகிறது.