சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு கைகர் கவுன்டரோடு

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதல்முறை அங்கே போனது கோட்டை பார்க்க அல்ல, மணல் பார்க்க. எழுபதுகளின் நடுவில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நானும் சரோஜாவும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவிகள். எதிர்ப்பொருள் எங்கள் துறை. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். கதிரியக்கச் சோடியத்தில் ஒரு சொட்டைக் காயவைத்து மெல்லிய தாள்களுக்கு நடுவே ஒட்டினால், அதிலிருந்து பாசிட்ரான்கள் வரும். பாசிட்ரான், எலெக்ட்ரானின் எதிர்ப்பொருள். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே மறைந்து, குறிப்பிட்ட ஆற்றலில் காமாக் கதிர்கள் பிறக்கும். எங்கள் கருவி அதை வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும். அந்த முகட்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

திடீரென்று ஒரு நாள், சோடியத்தை வேறு கட்டடத்தில் கொண்டுபோய்ப் பூட்டிய பிறகும் முகடு போகவில்லை. தாள் கிழிந்து சோடியம் அறை முழுக்கப் பரவிவிட்டதோ என்று பயந்தோம். சரோஜாவுக்கு வீட்டில் ஒரு வயதுப் பெண் குழந்தை. கதிரியக்கம் பட்டால் டிக் டிக்கென்று இரையும் கைகர் கவுன்டரில் கையைக் காட்டினால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அறையே இரைந்துகொண்டிருக்கும்போது எந்த அளவை நம்புவது? தன் கையிலோ புடவையிலோ சோடியம் ஒட்டியிருக்குமோ என்று ஒரு வாரத்துக்கும் மேலாக அவள் குழந்தையைத் தூக்கவில்லை. வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி. ஆய்வேடு போனால் போகிறது, இதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்கு மணல் மேல் சந்தேகம். வெளிக்கதிர்களைத் தடுக்க ஈயக்கட்டிகள் போதாமல், கருவியைச் சுற்றி அப்போதுதான் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். மூட்டையைச் சோதித்தால் அதுவும் இரைந்தது. ஆனால் சோடியம் அதன் மேல் பட்டிருக்கலாமே என்றாள் சரோஜா. நியாயம்தான். எங்கள் அறையைப் பார்த்தேயிராத மணல் வேண்டும். அதனால் மணல் வந்த இடத்துக்கே கிளம்பினோம்.

எழும்பூரில் காலை ஆறு மணி வாக்கில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு ஐம்பத்தாறு கிலோமீட்டர், எட்டு மணிக்குள் போய்விடலாம். அப்போது டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள். மணல் அனுப்பிய காதர் பாய் ஸ்டேஷன் வாசலில் லாரியோடு நின்றார். முகம் சரியில்லை.

"மண்ணுல இன்னா கொறை டீச்சர்? நான் ஆத்து மண்ணுதான் மொதல்ல கொண்டாந்தேன். வெயிட்டா வோணும், வெயிட்டா வோணும்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

உண்மை. கனமான மணல் கதிரை நன்றாகத் தடுக்கும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு மணலாக டப்பாவில் நிறுத்துப் பார்த்து, கறுப்பு மணல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நாங்கள். வேறு யாரும் மணலை எடை பார்த்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டு பெண்களும் ஒரு கவுன்டர் பெட்டியும் லாரியின் முன்சீட்டில். பதினாலு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். அங்கே நாஸ்தா முடிந்தது. இட்லி பஞ்சு, சட்னி காரம். சரோஜா டீயோடு நிறுத்திக்கொண்டாள். அங்கிருந்து வயல்களும் பனைகளுமாக இன்னும் அத்தனை தூரம் போனால் கடல் தெரியும். டீசலுக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்தோம்.

கோட்டைச் சுவரைத் தாண்டிக் கரையில் இறங்கினோம். கட்டுமரங்கள் ஏறிக் கிடந்தன. கவுன்டரை வெளிர் மணல் மேல் பிடித்தேன். டிக். கொஞ்சம் கழித்து இன்னொரு டிக். மணலில் கதிர் இல்லை என்றால் எங்கள் அறையில் கசிந்தது சோடியம்தான்.

"அங்க இல்ல டீச்சர். அலை வந்து போற எடத்துல கறுப்பா கோடு கீது பாருங்க, அதுல அள்ளினதுதான்" என்றார் காதர் பாய்.

கறுப்புக் கோட்டின் மேல் பிடித்ததுதான் தாமதம், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் பெட்டி பொரிந்து தள்ளியது. சரோஜா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கரையோரமாக ஓடினாள். கறுப்பில் பொரிந்தது, வெளுப்பில் அடங்கியது. திரும்ப ஓடிவந்தாள். "ஞானம், மணல்தான். மணல்தான்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"இன்னா, உள்ள தங்கம் கீதா?" என்றார் காதர் பாய்.

"தங்கம் இல்லை பாய், தோரியம்" என்றேன்.

"அதுக்கா அழுவுறீங்க? டப்பு வராதா அதுல?"

விஷயம் இதுதான். அந்தக் கறுப்பு மணலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்திருக்கிறது. அதிலிருந்து வரும் வலுவான காமாக் கதிர் எங்கள் ஈயக்கட்டியில் மோதி, எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக ஜோடி ஜோடியாக உண்டாக்கியிருக்கிறது. கதிரைத் தடுக்க வைத்த மூட்டையே எங்களுக்கு எதிர்ப்பொருள் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுச் சோடியத்துக்காக நாங்கள் எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறோம் என்று நினைத்து வழியெல்லாம் சிரித்தோம். மறுநாள் மூட்டைகளை வெளியேற்றியதும் முகடு மறைந்தது. காதர் பாய் மறுபடியும் ஆற்று மணலே அனுப்பினார், வாடகையை மட்டும் கூட்டி.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. கோட்டைக்குள் பழைய டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, செதுக்கிய கற்களை நிதானமாகப் பாருங்கள். மாமல்லபுரம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

கறுப்பு மணலைக் கண்டு பயம் வேண்டாம், ஒரு பகல் அதில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம். சரோஜா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு திரும்ப வந்தாள். ரயிலிலும் லாரியிலும் குழந்தையைக் கீழே விடவே இல்லை, ஒருதரம் கொடு என்று நான் கேட்டும் கொடுக்கவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் இறக்கிவிட்டாள், அந்தக் கறுப்புக் கோட்டின் மேலேயே. குழந்தை இரண்டு கையாலும் மணலை அள்ளி எங்கள் மேல் போட்டுக்கொண்டே இருந்தது.