ஏழு பேர் டீமும் எடுக்காத சிவப்பு அட்டையும்

வார இறுதிக் கால்பந்து லீக் ஆட்டங்களில் பல வருஷம் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன் நான். ஆட்டக்காரர்கள் நம்மைச் சந்தேகப்படுவது பழகிப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டி மைதானத்தில் எனக்கே எங்கள் ரெஃப்ரி செபாஸ்டியன் மேல் சந்தேகம் வந்தது.

சீசனின் கடைசி ஆட்டம். கேப்டன் ஃபாரூக்கின் டீம் மேல் டிவிஷனுக்குப் போக எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். எதிர் டீமில் வந்ததே ஏழு பேர். அதில் ஒருவர் குறைந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். பாதி ஆட்டத்துக்குள் ஆறு கோல் விழுந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டாம் பாதியில்தான் வினை ஆரம்பித்தது. எதிர் டீமின் ஐந்தாம் நம்பர் ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியவர். அவர் பந்தைப் பார்க்காமலே ஃபாரூக்கின் காலில் உதைத்தார். என் கண்ணெதிரே நடந்தது. கொடியை ஆட்டினேன். இன்னொரு மஞ்சள், உடனே சிவப்பு, ஆள் வெளியே போக வேண்டியதுதான். செபாஸ்டியனோ ஃப்ரீ கிக் மட்டும் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் ஃபாரூக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். அப்போதும் ரெஃப்ரியின் கை பாக்கெட் பக்கமே போகவில்லை.

“என்ன ரெஃப் இது? கேலோங் லா!” என்று கத்தினார் ஃபாரூக். காசுக்கு விலைபோன ஆட்டத்துக்கு இங்கே அதுதான் பேர்.

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். செபாஸ்டியனும் ஐந்தாம் நம்பரும் ஒரே சர்ச். ஆட்டத்துக்கு முன் இருவரும் சிரித்துப் பேசியதையும் பார்த்திருந்தேன்.

எட்டுக்குப் பூஜ்யத்தில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தும் ஃபாரூக்கின் கோபம் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே ரத்தம். “அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல? கமிட்டில கம்ப்ளைன் பண்ணப் போறேன். நீங்கதான் சாட்சி” என்றார்.

உடை மாற்றும் அறையில் செபாஸ்டியனிடம் நேராகவே கேட்டேன். “ஏன் கார்டு எடுக்கல?”

“எடுத்தா ஆறு பேர்தான். மேட்ச் நின்னுரும். லீக் ரூல்படி எத்தனை கோல் போட்டிருந்தாலும் ஃபாரூக்குக்கு வெறும் மூணு கோல்தான் குடுப்பாங்க. எட்டு வாங்குற அவமானத்துக்கு மூணோட போகட்டும்னு அந்த ஆள் வேணும்னே ரெட் கார்டுக்கு அலைஞ்சான். நான் ஏன் குடுக்கணும்?”

அது உண்மையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நம்பர் விழுந்தவரைப் பார்க்காமல் ரெஃப்ரியின் பாக்கெட்டைத்தான் பார்த்தார். ஆனால் எந்த டீமுக்கு எத்தனை கோல் தேவை என்ற கணக்கு விசில் ஊதுகிறவருக்கு எதற்கு?

வெளியே வந்து ஃபாரூக்கிடம் சொன்னேன்: “சாட்சி சொல்றேன் தம்பி. ஆனா முழுசா சொல்லுவேன். அந்த கார்டைக் காட்டியிருந்தா மேட்ச் அங்கயே முடிஞ்சிருக்கும். உங்களுக்கு மூணு கோல்தான்.”

ஃபாரூக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “விடுங்கண்ணே. நல்ல ரெஃப்தான்.”

கேலோங் என்று அவர் கத்தியதைவிட இந்தப் பாராட்டுதான் எனக்குப் பயமாக இருந்தது. புதிதாக விசில் ஊத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பைப் பார்த்தால் அட்டையை எடுங்கள். அதனால் யாருக்கு லாபம் என்று யோசிக்க ஆரம்பித்தால் நீங்களும் ஆட ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு செபாஸ்டியனோடு என்னைப் போட்டால் வேறு ஆளைப் போடச் சொல்லிவிடுவேன். அவர் கெட்டவர் என்று இன்றும் சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியவில்லை.